பச்சைக் கோடும் ஊதாக் கோடும்

இருசம்மாளின் இடது மாரை எடுத்துத் தையல் பிரித்து, புண்ணும் ஆறிய பிறகு, இனிமேல் கரண்டு வைக்க வேண்டும் என்று திருச்சி மிஷன் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவளுக்குத் தெரிந்த கரண்டு எறையூர் சர்க்கரை ஆலைக்குப் போகிற பெரிய கம்பியில் ஓடுவது. காக்கை பட்டால் கருகி விழும். அதைக் கொண்டுவந்து மனுஷி நெஞ்சில் வைப்பார்களா என்று பஸ்ஸில் வழியெல்லாம் புருஷனைக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"காக்கா என்ன டாக்டரக் கேட்டுட்டா கம்பியில உக்காருது? நாம கேட்டுட்டுல்ல படுக்கப் போறோம். சும்மா வா" என்றான் உத்திராபதி. ஆலையில் கரும்பு லோடு இறக்குகிறவன் அவன். பயம் வந்துவிட்டால் இப்படி எதையாவது சொல்லிப் பேச்சை முடித்துவிடுவான்.

அவள் பயம் கரண்டோடு நிற்கவில்லை. கூடப் பிறந்த அக்கா காத்தாயிக்கும் இதே இடத்தில்தான் கட்டி வந்தது. பச்சிலையை அரைத்து அப்பி, துணியைச் சுற்றிக்கொண்டு, நாற்றம் அடுத்தவருக்குத் தெரியக் கூடாதென்று மாட்டுக் கொட்டகையில் படுத்துக் கிடந்தே போய்ச் சேர்ந்தாள். அதனால் இருசம்மாள் தன் மாரில் கொட்டைப்பாக்கு அளவு தட்டுப்பட்ட அன்றைக்கே புருஷனிடம் சொல்லிவிட்டாள். "அக்கா மாதிரி நான் சாவ மாட்டேன்யா. என்ன பண்ணணுமோ பண்ணு." அறுக்க வேண்டும் என்றார்கள், சரி என்றாள். அறுத்ததோடு விடாது, கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஒட்டியிருக்கும், அதைக் கருக்க வேண்டும் என்றார்கள். அதை அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கரும்பை வெட்டினாலும் மண்ணில் கிடக்கிற கட்டை சும்மா இருப்பதில்லை, மறுதாம்பு முளைத்து அடுத்த வருஷம் ஆளுயரம் நிற்கும். வெட்டுக்குப் போய்ப் போய்க் கையெல்லாம் காய்த்தவளுக்கு இது தெரியாதா.

முதல் நாள் டாக்டர் பாலசுந்தரம் அவளை ஒரு மேசையில் படுக்க வைத்தார். ஆயா ஒருத்தி பக்கத்தில் நின்று சேலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் ஒரு குச்சியை ஊதா மருந்தில் தோய்த்து, தழும்பைச் சுற்றி நாலு கோடு போட்டார். வரப்பு கட்டின சின்னக் கொல்லை மாதிரி இருந்தது. அப்புறம் இன்னொருத்தர் வந்தார். ஒல்லியான ஆள், மூக்கின் நுனியில் கண்ணாடி. ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவரைக் கணக்கு சார் என்றார்கள். பெயர் தங்கராசு. கரண்டு எந்தப் பக்கமிருந்து எவ்வளவு போக வேண்டும் என்று கணக்குப் போடுவது அவர் வேலை. மெத்தென்ற ஈயக் கம்பி ஒன்றை அவள் நெஞ்சின் குறுக்கே வைத்து, மேடு பள்ளத்துக்குத் தக்கபடி அழுத்தி வளைத்தார். வளைந்த கம்பியைக் கலையாமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போய் ஒரு தாளில் வைத்து, அதை ஒட்டியே பென்சிலால் வரைந்துகொண்டார்.

டாக்டரும் அவரும் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். பேச்சு கொஞ்சம் சூடாகவே போனது. முடிவில் டாக்டர் இவள் பக்கம் திரும்பினார்.

"அடுத்த புதன்கிழமை வாம்மா. அதுவரைக்கும் கோடு அழியாமப் பாத்துக்க. தண்ணி படக் கூடாது, எண்ணெ படக் கூடாது."

இந்தக் கோடு இப்போதைக்குப் போட்டதுதான், கணக்கு முடிந்தால் மாறினாலும் மாறும் என்பதை அவர் கணக்கு சாரிடம் சொன்னாரே தவிர இவளிடம் சொல்லவில்லை.

வெளியே பெஞ்சியில் பாடாலூர்க்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ராசாத்தி என்று பெயர். கழுத்தில் கரண்டு வைக்க வந்தவள். "கோட்ட உசுரு மாதிரி வச்சிக்க அக்கா. எனக்கு வேர்வையில கரைஞ்சு போச்சு. திருப்பி அனுப்பிச்சிட்டாங்க. எடத்த வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. இப்பத்தான் மறுபடி வரச் சொல்லியிருக்காங்க" என்றாள்.

திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற ஒரு சொல்லையே இருசம்மாள் வீடு வரை நினைத்துக்கொண்டு வந்தாள். மறுதாம்பு யாருக்காகக் காத்திருக்கும்?

பங்குனி வெயில். பெரம்பலூர்ப் பக்கத்து வெயிலைப் பற்றி அங்கே பிழைக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டாம், மற்றவர்களுக்குச் சொன்னாலும் புரியாது. வீட்டுக் கூரை தாழ்வு. சும்மா உட்கார்ந்திருந்தாலே முதுகில் ஊற்றாய் ஓடும். மறுநாள் விடிந்து பார்த்தால் ஒரு பக்கத்துக் கோட்டில் பாதி சேலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு முழுக்க இடது கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். உத்திராபதி வேலைக்குப் போகாமல் முறத்தால் விசிறினான்.

"இந்தா, லாரியில நம்பர் எழுதுற பெயிண்டு ஆலையில இருக்கு. கொஞ்சம் எடுத்தாரட்டா?"

"நான் என்ன லாரியா? அப்படியே பின்னாடி 'ஹாரன் அடி'ன்னும் எழுதிவுடு."

"எழுதிப்புடுவேன். அடிச்சாலும் நீ வழி வுட மாட்டியே."

சிரித்தார்கள். சிரித்ததில் இன்னும் கொஞ்சம் வேர்த்தது. அவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. சிறுவாச்சூர்க் காளி கோயில் திறந்திருக்கிற நாள். வேண்டிக்கொண்டு வரலாம் என்று அவள் ஒண்டியாகப் போனாள். அவனைக் கூடவே நிறுத்தி வைத்தால் ஆலையில் பெயரை வெட்டிவிடுவார்கள். சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது, வேப்பமரத்து நிழலில் பச்சை குத்துகிறவள் கடை விரித்திருந்தாள். கரிச்சாந்துக் கொட்டாங்கச்சி, ஊசிக்கட்டு, பக்கத்தில் மஞ்சள்பொடி. ஒரு கல்யாணப் பெண் கையை நீட்டிக்கொண்டு 'ஆத்தே ஆத்தே' என்று கத்திக்கொண்டிருந்தது.

இருசம்மாள் தன் முன்கையைப் பார்த்தாள். வயசுக்கு வந்த வருஷம் குத்தின கோலம். எத்தனை வருஷத்து வேர்வை, எத்தனை நாற்றங்கால் சேறு, எத்தனை கரும்புச் சோகை அதன்மேல் உரசியிருக்கும்! ஒரு புள்ளி அழிந்ததா? அவள் சாதி சனத்தில் பச்சை இல்லாத பொம்பளை கிடையாது. நகை நட்டெல்லாம் கழற்றிவிட்டுத்தான் தூக்குவார்கள், கட்டையிலும் கூட வருவது பச்சை ஒன்றுதான் என்று சொல்வார்கள்.

போய் உட்கார்ந்தாள்.

"வாடி தங்கம். என்ன போடட்டும்? தேளா, கோலமா, ஊட்டுக்காரரு பேரா?"

"நாலு கோடு போடணும்."

"கோடா? எங்க?"

இருசம்மாள் சொன்னாள். பச்சை குத்துகிறவள் ஒரு கிழிந்த சேலையை மரத்துக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் கட்டி மறைப்பு பண்ணினாள். சேலையை விலக்கிப் பார்த்ததும் அவள் கை அப்படியே நின்றது.

"ஆரு ஆத்தா இப்படி வெட்டுனது?"

"டாக்டருதான். நல்லதுக்குத்தான். இந்தா இந்தக் கோட்டு மேலயே போடு. ஒரு நூலு தள்ளக் கூடாது."

"இளந்தோலுடி. உசுரு போவும்."

"போவாம இருக்கத்தான் குத்தச் சொல்றேன். குத்து."

பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டது, கல்யாணப் பெண்ணின் விசும்பல் கேட்டது, ஆனால் ஊசி வரவில்லை. "ஏன் நிக்கிற, குத்து" என்றாள். "குத்திக்கிட்டுத்தான்டி இருக்கேன். ஒரு பக்கம் முடியப் போவுது" என்றாள் அவள். இருசம்மாள் கண்ணைத் திறந்து பார்த்தாள். ரத்தம் பொட்டுப் பொட்டாக நின்றது. அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அறுத்த இடத்தைச் சுற்றித் தோல் செத்துக் கிடந்தது. அக்குள் ஓரத்துக்குப் போனபோதுதான் சுரீரென்றது. அதுவரை அழாதவள் அங்கே, வலிக்காத இடத்தைப் பார்த்துக்கொண்டு அழுதாள்.

"வலிக்குதுன்னு அழுதவ ஆயிரம் பேரப் பாத்திருக்கேன். வலிக்கலன்னு அழுவுறவ நீ ஒருத்திதான்" என்று சொல்லி அவள் மஞ்சள்பொடியை அள்ளி அப்பினாள்.

சாயங்காலம் உத்திராபதி வந்து பார்த்தான். முதலில் "அடிப் பாவி" என்றான். கொஞ்சம் தள்ளி நின்று, கிட்ட வந்து, மறுபடி பார்த்தான். "சரி, விடு. இனிமே ஆரும் திருப்பி அனுப்ப முடியாது. நல்ல யோசனதான்" என்றான். அன்றைக்கு அவள் தோள்வரை தண்ணீர் ஊற்றிக் குளித்தாள். ஆஸ்பத்திரி சொன்னதைத் தான் மீறவில்லை, ஒரு படி மேலேயே செய்துவிட்டோம் என்று அவளுக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

புதன்கிழமை போனபோது கணக்கு சார் இரண்டு பேரையும் தன் ரூமுக்குக் கூப்பிட்டார். மேசைமேல் இரண்டு தாள். இரண்டிலும் அதே வளைந்த கோடு, ஈயக் கம்பி தந்த கோடு. அதற்குள்ளே மழைத் தண்ணீர் வடிந்த தடம் மாதிரி வரி வரியாகப் பென்சில் வளையங்கள்.

"எந்த ஊரு நீங்க?"

"எறையூருக்குப் பக்கத்துல சார்."

"நான் ஜெயங்கொண்டம். நம்ம ஜனந்தான்னு வைங்களேன். இந்த ரெண்டு தாள வச்சுக்கிட்டுத்தான் டாக்டரும் நானும் இத்தன நாளா மல்லுக்கட்டுறோம். ஒங்ககிட்டயும் சொல்லிட்டா நல்லது."

முதல் தாளைக் காட்டினார். மிஷினின் தலையை நேர் மேலே நிறுத்தி, கரண்டை நெஞ்சுக்குள் நேராக இறக்குவது. இரண்டாவதில் தலையைச் சாய்த்து இந்தப் பக்கமிருந்து ஒரு தடவை, சுற்றிக் கொண்டுபோய் அந்தப் பக்கமிருந்து ஒரு தடவை.

உத்திராபதி தாளை உற்றுப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே நெஞ்சுதானே சார்?" என்றான்.

"அதேதான். ஒங்க ஊருல கெணறு என்ன ஆழம்?"

"பாறைய வெடி வச்சில்ல தோண்டுறோம். எட்டிப் பாத்தா தல சுத்தும்."

"உச்சி வெயிலு அதுல எதுவரைக்கும் போவும்?"

"அடித்தண்ணி வரைக்கும்."

"காலை வெயிலு?"

"அது போவாது. மேச்சுவத்த தொட்டுட்டு நின்னுடும்."

"அவ்வளவுதான் விஷயம். நமக்கு வேலை சுவத்துல. நோவு மிச்சம் இருந்தா நெஞ்சுச் சுவத்துலதான் இருக்கும். அடியில இருக்கிறது இருதயம். அம்மாவுக்கு எடது பக்கம். ஒடம்புல சதை வேற இல்ல. உச்சி வெயிலு மாதிரி நேரா அடிச்சா இருதயத்து மேலயும் விழும், நுரையீரல் மேலயும் விழும். இப்பத் தெரியாது. பல வருஷம் கழிச்சு மூச்சு வாங்கும், நெஞ்சு அடைக்கும். ரெண்டு பக்கமும் சாச்சு அடிச்சா சுவத்துக்கு முழுசா கிடைக்கும், அடிக்கு ஓரம்தான் படும்."

"அப்பறம் எதுக்கு சார் சண்ட? சாச்சே அடிக்க வேண்டியதுதானே?" என்றான் உத்திராபதி.

கணக்கு சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டாக்டரு சொல்றதுலயும் ஞாயம் இருக்கு. நேரா வைக்கிறது சுலபம். நின்ன எடத்துல நிக்கும், தப்பு வராது. சாச்சு வைக்கிறதுல ரெண்டு பக்கமும் கோடு பிசகாம நிக்கணும். கொஞ்சம் உள்ள நவுந்தா நுரையீரலு. கொஞ்சம் வெளிய நவுந்தா நோவு தப்பிச்சிடும். தெனம் கண்ணுல எண்ணெ ஊத்திக்கிட்டுப் பாக்கணும். பாத்துக்கிறோம்னு நானும் மிஷின் ஓட்டுற சாமிதுரையும் பொறுப்பு ஏத்துக்கிட்ட பெறகுதான் டாக்டரு சரின்னாரு."

இருசம்மாள் மெதுவாகக் கேட்டாள். "அப்ப மொதல்ல போட்ட கோடு சார்?"

"அது நேரா அடிக்கிறதுக்குப் போட்டது. இனி வேண்டாம். தொடைச்சிட்டு வேற போடுவோம்."

உத்திராபதி அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தான். இருசம்மாள் தன் கால்விரலைப் பார்த்தாள். கணக்கு சார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

டாக்டர் பாலசுந்தரம் ஏசின ஏச்சு வராந்தா வரைக்கும் கேட்டது. "கோயில் வாசல்ல ஊசியா? சீழ் புடிச்சா என்ன பண்ணுவே? நீ என்ன மாடா, சூடு போட்டுக்க?" அவர் கோபத்தில் பாதி பயம் என்பது இருசம்மாளுக்குத் தெரிந்தது. அவள் புருஷன் கேலி பேசுவதும் அப்படித்தான். ஊசி பட்ட இடம் பொருக்கு உதிர்ந்து ஆறாமல் கரண்டு வைக்க முடியாது, வீட்டுக்குப் போ என்றார். எதற்குப் பயந்து குத்திக்கொண்டாளோ அது அவள் கையாலேயே வந்து சேர்ந்தது. திரும்பி வருகிற பஸ் கொள்ளிடத்துப் பாலத்தைத் தாண்டியது.

"நான்தான் நல்ல யோசனைன்னு சொன்னேன்" என்றான் அவன், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி.

"குத்திக்கிட்டது நானு" என்றாள் அவள்.

பொருக்கு உதிர்ந்த பிறகு போனார்கள். நல்லவேளை, சீழ் பிடிக்கவில்லை. கணக்கு சார் அளவுகோலை வைத்து, பச்சைக் கட்டத்தின் மூலையிலிருந்து இவ்வளவு தள்ளி, இவ்வளவு கீழே என்று அளந்து புதுக் கோடுகளை ஊதா மருந்தால் போட்டார். ஒன்று நடு நெஞ்செலும்பின் மேல், ஒன்று அக்குளுக்குக் கீழே விலாவில். "பச்சை இருக்கிறது தப்பான எடம். ஆனா நவுராது பாருங்க டாக்டர், அளக்கிறதுக்கு ஒதவுது" என்றார். "உனக்கு எதுலயும் ஒரு சமாதானம் கெடச்சிடும்" என்று டாக்டர் முறைத்தார். பச்சையைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று மிஷின் ஓட்டுகிற சாமிதுரையிடம் இரண்டு பேரும் சொன்னார்கள். இருசம்மாளிடம் சொன்னது இரண்டே சொல்தான். அசையக் கூடாது. பேசக் கூடாது.

அதில் அவளுக்குச் சிரமம் இல்லை. கங்காணி ஏசினாலும் மேஸ்திரி ஏசினாலும் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்தே பழகினவள். சொன்ன இடத்தில் கட்டை மாதிரி கிடந்தாள். சாமிதுரைதான் பேசுவான். "ஏக்கா, ஒன் நெஞ்சப் பாத்தா பஞ்சாயத்து யூனியன் மேப்பு மாதிரி இருக்கு. பச்சைல ஒரு ரோடு, ஊதாவுல ஒரு ரோடு. நமக்கு ஊதா ரோடு. சரியா?" மிஷினின் பெரிய தலையை ஒரு பக்கம் சாய்ப்பான். அதிலிருந்து விழுகிற வெளிச்சக் கட்டத்தை ஊதாக் கோட்டோடு பொருத்துவான். வெளியே போய்க் கனத்த கதவைச் சாத்துவான். கொஞ்ச நேரத்தில் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம், அப்புறம் லேசான இரைச்சல். ஷாக்கும் இல்லை, சூடும் இல்லை. நின்றதும் வந்து தலையை மறுபக்கம் கொண்டுபோவான். மறுபடி டக். அவ்வளவுதான். இதற்காகவா காக்கையை நினைத்துப் பயந்தோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

சித்திரை பிறந்தது. தோல் கருத்து, உரிய ஆரம்பித்தது. வாய்க்குச் சோறு பிடிக்கவில்லை. தினமும் ஊரிலிருந்து பெரம்பலூர், பெரம்பலூரிலிருந்து திருச்சி என்று இரண்டு பஸ் மாறி வந்து போனதில் உடம்பு துவண்டது. வேர்வையில் ஊதா மங்கும், கணக்கு சார் அளந்து திரும்பப் போடுவார். பச்சை மட்டும் பளிச்சென்று அப்படியே இருந்தது.

ஒரு நாள் போனால் சாமிதுரை இல்லை. தங்கச்சி கல்யாணமாம், அரியலூருக்குப் போயிருந்தான். அவனுக்குப் பதிலாக நரைத்த தலையும் சலவைச் சட்டையுமாக ஒரு பெரியவர் வந்திருந்தார். வெளியூர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவராம். "வாம்மா" என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார். கட்டிலில் படுக்க வைத்தார். அவளுடைய தாள்கள் செருகியிருந்த அட்டையைத் திருப்பினார். மேல்தாளில், முதல் நாள் போட்ட நாலு கோட்டை டாக்டர் வரைந்துவைத்த படம் இருந்தது. இவள் நெஞ்சைப் பார்த்தார். அதே நாலு கோடு பச்சையாக, அழுத்தமாக இருந்தது. ஊதா, பஸ் நெரிசலில் வேர்த்து, பழைய காயத்தின் நிறம் மாதிரி மங்கிக் கிடந்தது. தாளும் உடம்பும் ஒத்துப்போக, அவர் அடுத்த தாளைத் திருப்பவில்லை.

"அசையாதம்மா. பேசாத."

மிஷினின் தலை வந்து அவளுக்கு நேர் மேலே நின்றது.

இருசம்மாள் அதையே பார்த்தாள். ஒரு வேளை இனிமேல்தான் சாய்ப்பாரோ? அவர் சாய்க்கவில்லை. வெளிச்சத்தைச் சுருக்கிப் பச்சைக் கட்டத்தில் கச்சிதமாக விழ வைத்தார். திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டார். வெளியே நடந்தார்.

இவர் படித்தவர், வயசானவர். கணக்கு மாறியிருந்தால்? டாக்டரே மாற்றச் சொல்லியிருந்தால்? நாம் கத்தப் போய், நம்மால் இன்னொரு தடவை எல்லாம் கெட்டுத் திருப்பி அனுப்பிவிட்டால்? அறுத்தவர்கள் அவர்கள், கணக்குப் போட்டவர்கள் அவர்கள். தான் சொந்தப் புத்தியில் செய்த ஒரே காரியம் அந்தப் பச்சை. அது செய்த கூத்து போதாதா?

கதவு நகர ஆரம்பித்தது. கனத்த கதவு, மெதுவாகத்தான் வரும். அந்தப் பச்சைதான் அவரை ஏமாற்றியிருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அது அங்கே இல்லாவிட்டால் அந்த மனுஷன் கோட்டைத் தேடியிருப்பார், அடுத்த தாளைத் திருப்பியிருப்பார். தன் கையால் வந்தது. தான்தான் நிறுத்த வேண்டும்.

"சார்" என்றாள். அவர் காதில் விழவில்லை. கதவு சாத்திக்கொண்டது.

இருசம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். அதுவும் போதாது என்று தோன்ற, காலைத் தொங்கப்போட்டுக் குதித்து, சேலையை அள்ளி மார்பில் போட்டுக்கொண்டு மிஷினை விட்டு விலகிச் சுவரோரம் போய் நின்றாள். டக் சத்தம் வரவில்லை. கண்ணாடி ஜன்னலில் பெரியவரின் முகம் தெரிந்தது. கதவு திறந்தது.

"அறிவிருக்கா உனக்கு? பொத்தான அழுத்தப் போனேன். அசையாதன்னு சொன்னா எழுந்து நிக்கிறே?"

"பச்சை இல்ல சார். ஊதா."

"என்ன?"

"பச்சை நான் குத்திக்கிட்டது சார். கோயில்ல. அது தப்பு. ஊதாதான் கணக்கு சாரு போட்டது."

பெரியவர் அட்டையை நீட்டினார். "படத்துல இருக்கே! நீயே பாரு."

"படம் எனக்குத் தெரியாது சார். மெசினு தெனம் சாஞ்சு நிக்கும். அந்தப் பக்கம் ஒருவாட்டி, இந்தப் பக்கம் ஒருவாட்டி. இன்னிக்கு நட்டுக்க நிக்குது."

"உன்னோட பேசிக்கிட்டிருந்தா மத்தவங்களுக்கு நேரமாகாதா? படும்மா."

"கணக்கு சாரக் கூப்புடுங்க. அவரு வந்து படுன்னா படுக்கிறேன்."

"நான் சொன்னா படுக்க மாட்டியா?"

"மாட்டேன் சார்."

அந்தச் சொல் தன் வாயிலிருந்து வந்ததை அவளாலேயே நம்ப முடியவில்லை. ஆனாலும் சுவரை விட்டு நகரவில்லை. பெரியவர் அவளைப் பார்த்தார், கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். ஏதோ தட்டுப்பட்டிருக்க வேண்டும். கோபம் தணியாமலேதான் போய்க் கூட்டிவந்தார்.

கணக்கு சார் உள்ளே நுழைந்ததும் மிஷின் நிற்கிற நிலையைப் பார்த்தார். பிறகு காலியான கட்டிலில் விழுந்துகொண்டிருந்த வெளிச்சக் கட்டத்தைப் பார்த்தார். அட்டையை வாங்கி மேல்தாளைப் புரட்டிக் கீழ்த்தாளைக் காட்டினார். பெரியவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். யாரும் யாரையும் ஏசவில்லை.

"இந்தத் தாள நான் அன்னைக்கே கிழிச்சிருக்கணும். ஊதாவையும் நேத்தே புதுப்பிச்சிருக்கணும். இது என் தப்பு" என்று கணக்கு சார் சொல்லி, அந்த மேல்தாளை இழுத்து நாலாகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

பெரியவர் எழுந்து வந்தார். "நல்லவேளை தாயி, எந்திரிச்சே" என்றார். அவளுக்கு அவர்மேல் வருத்தம் ஒன்றும் வரவில்லை.

கோட்டை அளந்து புதுசாகப் போட்டார்கள். தலை சாய்ந்தது. வெளிச்சம் ஊதாவில் விழுந்தது. "பாத்துக்கம்மா, சரியா இருக்கா?" என்று பெரியவர் கேட்டார். அவளைக் கேட்டுக் கரண்டு வைத்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. "சரியா இருக்குங்க" என்றாள்.

வெளியே உத்திராபதி தவித்துப்போய் நின்றிருந்தான்.

"ஏன் இம்மா நேரம்?"

"எந்திரிச்சு உக்காந்துட்டேன்."

"அசையக் கூடாதுன்னாங்களே! ஏசுனாங்களா?"

"மொதல்ல ஏசுனாங்க."

"அப்பறம்?"

"அப்பறம் சாச்சு வச்சாங்க."

முழுக்கதையையும் பிறகுதான் சொன்னாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது பெரம்பலூர் பஸ் நிறைந்து நின்றது. முன்பக்கம் ஜன்னலோரம் ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. அதன்மேல் ஒரு துண்டு கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், "ஆளு வருது" என்றான்.

இருசம்மாள் துண்டை எடுத்து மடித்து அவன் மடியில் வைத்தாள்.

"வரட்டும் தம்பி. எனக்கு நெஞ்சுல புண்ணு. நான் நிக்க முடியாது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.